அட்ராக்டாவின் வேனும் ஃபீலிமின் கறுப்புக் கோட்டும்

எங்கள் பக்கத்தில் அட்ராக்டா கில்ரேனின் வேனில் ஏறாதவர்கள் குறைவு. ஏறிவிட்டு அவளிடம் ஒரு பேச்சு வாங்காமல் இறங்கியவர்கள் அதைவிடக் குறைவு. பெல்ட்டைப் போடு, கதவை அறையாதே, ஈரக் குடையை சீட்டில் வைக்காதே, நான் வளைவில் திரும்பும்போது உன் பேரனின் படத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டாதே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வேலையோ காரிக் நகரத்து நூலகத்தில். ஆகவே வேலை நாள் அத்தனையிலும் இந்த உபதேசத்தைக் கேட்டுக்கொண்டே போய், கேட்டுக்கொண்டே வீடு திரும்புகிறவள் நான்.

அவள் அப்பா ட்ரம்கீலனில் கறிக்கடை வைத்திருந்தார். பள்ளி முடித்த கையோடு அப்பாவின் வண்டியில் கறி கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தவள், பிறகு ஒரு பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டினாள். லீட்ரிம் மாவட்டத்து மலைச் சந்துகளில் எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு விட்டுவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேக்கரியை மூடியபோது அழுது புலம்பவில்லை. பழைய எட்டு சீட் வேன் ஒன்றை வாங்கி, உரிமம் எடுத்து, ஊருக்கே வாடகை வண்டிக்காரி ஆனாள். வயதானவர்களை ஸ்லைகோ மருத்துவமனைக்கு, பெண்களை பிங்கோ ஆட்டத்துக்கு, எல்லோரையும் ஞாயிறு பூசைக்கு, சிலரை மதுக்கடையிலிருந்து அவரவர் வீட்டுக்கு. இத்தனை வருடத்தில் அவள் இடித்தது ஒரே ஒரு ஆண் வாத்தை. அதுவும் வாத்துதான் வண்டியை வந்து இடித்தது என்பாள்.

புருஷன் மலாக்கி, மாவட்டச் சாலைப் பணியில் குழி அடைக்கிறவன். "அவரு குழிய அடைப்பாரு, அடைச்ச இடம் மறுபடி பேர்ந்து போகும், நான் சுத்திப் போவேன். எங்க குடும்பம் ஓடறதே அப்படித்தான்" என்று அவன் காதுபடவே சொல்லுவாள். மலாக்கி மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனிதன். சிரித்துக்கொள்வான்.

கோடைக்காக முன்னால் தள்ளி வைத்த கடிகாரங்களை, எங்கள் நாட்டில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது மற்றவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கிடைத்த தூக்கம். அட்ராக்டாவுக்கு அது பரீட்சை. முந்தின நாளே வேனின் விளக்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். முன் கண்ணாடியை வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் துடைப்பாள். மழை துடைக்கும் ரப்பரை மாற்றுவாள். எங்கள் ஊர்க் கார்களில் பாதியில் கடிகாரம் வருடத்தில் ஆறு மாதம் தப்பாகவே ஓடும், யாரும் திருத்துவதில்லை. அட்ராக்டா அன்றைக்கே திருத்திவிடுவாள். அப்புறம் எங்களுக்கெல்லாம் உத்தரவு வரும்: "திங்கக்கிழமை சீக்கிரமே வாசல்ல வந்து நில்லுங்க. நான் மெதுவாத்தான் போவேன். காலையில சூரியன் நேரா கண்ணுக்குள்ள வரும். சாயங்காலம் இருட்டு. நேத்துவரைக்கும் வெளிச்சத்துல வீட்டுக்குப் போனவன் எல்லாம் இன்னைக்கு இருட்டுல போறான். ஆனா அவன் காலு மட்டும் நேத்து மிதிச்ச மாதிரியேதான் மிதிக்குது."

இந்தக் கதைக்கு வேண்டிய இன்னொரு ஆள் ஃபீலிம் மல்வி. எழுபது தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரி. மேட்டுச் சந்தின் கடைசி வீடு, கொஞ்சம் ஆடு, நாலைந்து மாடு. வண்டி ஓட்டியதே இல்லை, ஓட்ட ஆசைப்பட்டதும் இல்லை. அவருக்கு ஒரு கொள்கை உண்டு: கோடை நேரம் என்று அரசாங்கம் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதை அவர் ஏற்றுக்கொண்டதே கிடையாது. வருடம் முழுக்க அவர் வீட்டுச் சுவரில் பழைய நேரம்தான். வைத்தியருக்கும் பூசைக்கும் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக் கிளம்புவார். அக்டோபரில் ஊர் நேரம் பின்னுக்கு வரும்போது, "நாட்டுக்கு மறுபடியும் புத்தி வந்திருச்சு" என்று டான்சியின் மதுக்கடையில் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுப்பார். வருடத்தில் அவர் வாங்கிக் கொடுக்கும் ஒரே சுற்று அதுதான்.

தினமும் சாயங்காலம் தன் கடிகாரத்தில் ஆறடிக்கும்போது டான்சி கடையில் உட்கார்ந்திருக்கும்படி நடந்துபோவார். கோடை நேரத்தில் அது ஊருக்கு ஏழு மணி. அதற்குள் காரிக்கில் வேலை முடிந்தவர்கள் எல்லாம் வீடு சேர்ந்திருப்பார்கள், சாலை காலியாக இருக்கும். கடிகாரம் மாறிய மறுநாளோ, ஃபீலிம் நடக்கிற அதே நேரத்துக்கு ஊர்க் கார்கள் மொத்தமும் அந்தச் சாலைக்கு வந்து சேரும். அவர் மாறவில்லை; கார்கள்தான் அவரிடம் வந்தன. அவர் உடுத்தியிருப்பதோ கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

போன வருடம் அந்தத் திங்கட்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நான். பழைய பால் பண்ணை வளைவில் அட்ராக்டா நடை வேகத்துக்குக் குறைத்திருந்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "அடிடா, நல்லா அடி, அடிச்சா சூரியன் திரும்பி வந்துரும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக்கு முன்னால் இருட்டின் ஒரு பகுதி அசைந்தது. பிரேக் போட்டாள். வேன் நின்றபோது பக்கவாட்டுக் கண்ணாடி ஃபீலிமின் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் அசராமல் குனிந்து ஜன்னலைத் தட்டினார்.

"என்ன அட்ராக்டா, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்ட?"

"நான் சீக்கிரம் வரல. இருட்டுதான் சீக்கிரம் வந்துருச்சு" என்றாள் அவள். "ஃபீலிம், உங்களைக் கொன்னுருப்பேன் மனுஷா. இப்படிக் கறுப்பா வந்தா எப்படித் தெரியும்?"

"நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்த ரோட்டுல நடக்கிறேன். ரோட்டுக்கு என்னைத் தெரியும்."

"ரோட்டுக்குத் தெரியும். என் ஹெட்லைட்டுக்குத் தெரியலையே. சரி, எதிர்ல கார் வர்ற பக்கமாவாவது நடக்கலாமில்ல?"

"வர்ற போற மடையன் மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே நடக்கணுமா? அதுக்கு நான் வீட்டுலயே இருப்பேன்."

வேனில் ஏறச் சொன்னதற்கும் மாட்டேன் என்றார். நடந்து போய்ச் சேர்ந்தால்தான் தாகம் வருமாம்.

மறுநாள் அட்ராக்டா ஒரு மஞ்சள் மேற்சட்டை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், சாலைப் பணியாளர்கள் போடுகிற மினுங்கும் சட்டை. ஃபீலிம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நாங்கள் அந்தப் பக்கம் போனால், மேட்டு வயலில் அவருடைய ஆட்டுக்கிடா அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கேட்டதற்கு, "அதுதான் வேலி தாண்டி ரோட்டுக்கு ஓடுது. எனக்குப் புத்தி இருக்கு" என்றார். டார்ச் கொடுத்தாள். அது கன்று போடும் காலத்துக்கென்று அலமாரிக்குள் போய்விட்டது.

"மனுஷனை மாத்த முடியாது. கோட்டை மாத்தலாம்" என்றாள் அட்ராக்டா.

காரிக்கில் சைக்கிள் கடையில் ஒரு நாடா கிடைத்தது. பகலில் பார்த்தால் கறுப்புத் துணியில் கறுப்பு நாடா. விளக்கு வெளிச்சம் பட்டால்தான் வெள்ளி போல எரியும். அந்த வெள்ளிக்கிழமை ஃபீலிம் டான்சி கடையில் கோட்டைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சீட்டாட உட்கார்ந்தார். அட்ராக்டா அதை எடுத்துக்கொண்டு வேனுக்கு வந்தாள். நான் டார்ச் பிடித்தேன், அவள் தைத்தாள். கோட்டிலிருந்து ஆட்டு வாசனையும் புகையிலை வாசனையும் வந்தன.

"நூலகத்துல வேலை பாக்கறவ திருட்டுக்குத் துணை போறேன்" என்றேன்.

"எடுத்துட்டுப் போறதுதானே திருட்டு? நான் கூடுதலா வச்சுல்ல குடுக்கறேன். வெளிச்சத்தை ஆட்டாத, நோரீன்."

தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை, முதுகில் பெருக்கல் குறி போல இரண்டு, விளிம்பைச் சுற்றி ஒன்று, கைகளின் பின்புறம் ஒவ்வொன்று. ஃபீலிம் ஆட்டத்தில் ஜெயித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். எதிரே பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு கார் திரும்பியது. ஃபீலிமின் முதுகு பற்றி எரிந்தது. கார் வேகம் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி, அகலமாக விலகிப் போனது. டான்சி தன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஃபீலிம் ஒருவரைத் தவிர.

ஒரு வாரம் போனது. ஃபீலிம் மதுக்கடையில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

"கவனிச்சியா டான்சி? சனங்களுக்கு மரியாதை வந்திருச்சு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கார் ஓட்டறவன் எல்லாம் என்னைக் கண்டதும் மெதுவாப் போறான். லைட்டை இறக்கறான். நேத்து ஒருத்தன் நின்னே போனான்யா. அந்த ஒரு மணி நேரம் கூடுதலாத் தூங்கினாங்க பாரு, அதுல வந்த குணம். பழைய நேரத்தையே வருஷம் முழுக்க வச்சுக்கிட்டா இந்த நாட்டுல சண்டையே இருக்காது."

டான்சி சுவர்ப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த கிளாஸை மறுபடி துடைத்தான். அட்ராக்டா எலுமிச்சைச் சாறைக் குடித்துக்கொண்டே, "இருக்கலாம் ஃபீலிம், இருக்கலாம்" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மரியாதை கிடைக்கிற மனிதன் ஓரமாக ஏன் நடக்க வேண்டும்? ஃபீலிம் சாலை நடுவுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு காருக்கும், பின்னால் திரும்பாமலே, கையை உயர்த்தி ஒரு சல்யூட். பிஷப் ஊர்வலம் போவது போல நிதானமாக நடந்தார். அட்ராக்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் அவருக்கு நாடா தெச்சேனா, கிரீடம் தெச்சேனா? இப்ப சொன்னா நாடாவைப் பிச்சு எறிஞ்சிருவாரு. சொல்லாட்டி நடு ரோட்டுலயே குடியிருப்பாரு."

மலாக்கியிடம் யோசனை கேட்டாளாம். அவன் வெகுநேரம் யோசித்து, "ஒரு குழிய அடைச்சா தண்ணி இன்னொரு பக்கம் ஓடும்" என்றானாம். மூன்று சொல்லுக்கு மேல் பேசியதே பெரிய விஷயம் என்பதால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு சாயங்காலம். நூலகத்திலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு அட்ராக்டா ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் நான் சொன்னேன்: "மத்தியானம் ஃபீலிம் காரிக் தபால் ஆபீசுக்கு வந்திருந்தாரு. கடல் தாண்டி லீட்ஸ்லேர்ந்து அவங்க அக்கா புதுக் கோட்டு அனுப்பியிருக்காங்க. கருநீலம். போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நின்னாரு."

அட்ராக்டா வேகத்தைக் குறைத்தாள். திரும்பிப் பார்த்தேன்.

"இன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டா டான்சி கடைக்குப் போவாரு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புதுக் கோட்டில் நாடா இல்லை. மனிதர் நடுச் சாலையில் நடப்பார்.

டான்சிக்குப் போன் போட்டேன். இன்னும் வரவில்லை என்றான். "கொஞ்சம் வேகமாப் போ அட்ராக்டா" என்றேன்.

"வேகமாப் போயி நானே அவரை இடிக்கவா?" என்றாள். அந்த நேரத்திலும் வேகம் காட்டும் முள் ஏறவில்லை. இன்னும் குறைத்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் குனிந்து, சாலையைக் கண்ணால் தடவிக்கொண்டே போனாள். நான் இருக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பால் பண்ணை வளைவு. ஒன்றும் இல்லை. வேலி, ஈரத் தார், மறுபடி வேலி. பிறகு இருட்டின் நடுவில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு, வெள்ளையாக ஒரு கை மட்டும் மேலே எழுந்தது.

ஃபீலிம் எங்கள் விளக்குக்கு சல்யூட் வைத்தார்.

அட்ராக்டா போதுமான தூரத்திலேயே நிறுத்திவிட்டாள். நாலு பக்க விளக்கையும் விட்டு விட்டு எரிய வைத்தாள். எதிரிலிருந்து பால் டேங்கர் ஒன்று மேடேறி வரும் சத்தம் கேட்டது. ஹாரனை அமுக்கியபடியே கையை எடுக்கவில்லை. டேங்கர்காரர் எங்கள் விளக்குகளைப் பார்த்திருக்க வேண்டும். மூச்சிரைத்து, ஊர்ந்து, ஃபீலிமைத் தாண்டும்போது தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஃபீலிம் அவருக்கும் ஒரு சல்யூட் வைத்தார்.

பிறகு எங்களிடம் வந்தார். "சாவு வண்டி மாதிரி பின்னாலயே வந்து எதுக்கு ஊதற? ஆட்டுக்கெல்லாம் வயித்துல குட்டி கலங்கிரும்."

அட்ராக்டா கதவைத் திறந்து இறங்கினாள். மழையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டை எடுத்தது, தைத்தது, ஊர் சிரித்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஃபீலிம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"காட்டு" என்றார்.

அப்படித்தான் ஃபீலிம் மல்வி அட்ராக்டாவின் வேனில் முதல் முறையாக முன் சீட்டில் ஏறினார். அவர் வீட்டுச் சந்துக்குப் போனோம். என்னைப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு சந்தின் மறுமுனையிலிருந்து நடந்து வரச் சொன்னார்கள். கோட்டு எனக்குக் கணுக்கால்வரை வந்தது. நடந்தேன். வேனுக்குள் நடந்ததை அட்ராக்டா பிறகு சொன்னாள்.

"நோரீன் எங்க? கிளம்பலையா இன்னும்?" என்று கேட்டாராம்.

"பாதி தூரம் வந்துட்டா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. கண்ணாடியைத் தொடை."

"தொடைச்ச கண்ணாடிதான்."

நான் வேனுக்கு நேர் முன்னால் வந்ததும் அவர் திடுக்கிட்டுச் சீட்டில் பின்னால் சாய்ந்ததை நானே பார்த்தேன். அடுத்து பழைய கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நடந்தேன், சந்தின் முனைவரை, அதற்கப்பாலும். திரும்பி வந்து வேனில் ஏறினேன்.

ஃபீலிம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ அவங்க எனக்கு மரியாதை குடுக்கல. முதுகுக்குத்தான் குடுத்தாங்களா?"

"முதுகு உங்களோடதுதானே" என்றாள் அட்ராக்டா.

அவர் இறங்கி, இரண்டு கோட்டையும் வாங்கிக்கொண்டு, குட்நைட் கூடச் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் பல நாள் டான்சி கடையில் அவர் நாற்காலி காலி. ஊரே சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று டான்சி சொன்னான். அட்ராக்டா வண்டியில் சிரிப்பதையே விட்டுவிட்டாள். யாருக்கும் உபதேசமும் இல்லை. ஒரு நாள் நான் கதவை அறைந்து சாத்தினேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவள் அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது வாசலில் ஃபீலிம் வந்து நின்றார். கையில் கருநீலக் கோட்டு மடித்திருந்தது.

"நூலு நீலத்துலயே இருக்கட்டும்" என்றார். "கிறிஸ்துமஸுக்கு எங்க அக்கா வரா. தையல் அவ கண்ணுல பட்டா என்னை ரோட்டு விளக்குன்னு கூப்பிடுவா."

"உள்ள வாங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"அந்த நாடா மிச்சம் இருக்கா? தொப்பியிலயும் ஒரு சுத்து வச்சுரு. பாதி வேலையா எதையும் செய்யாத."

அவர் சாப்பிட்டார். மலாக்கியும் அவரும் பேசாமலே ஒரு கிண்ணம் குழம்பைக் காலி செய்தார்கள். அட்ராக்டா அங்கேயே உட்கார்ந்து தைத்து முடித்தாள். அன்றிலிருந்து ஃபீலிம் எதிரே கார் வருகிற பக்கமாக, ஓரமாக நடக்கிறார். மடையன் மூஞ்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு நஷ்டம். வேனின் முன் சீட்டிலிருந்து சாலையைப் பார்த்த ருசி அவரை விடவில்லை. மழை நாட்களில், நடக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லி, காரிக் சந்தையிலிருந்து எங்களோடு திரும்புகிறார். முன் சீட்டு அவருக்கு. நான் பின்னால், மற்றவர்களின் காய்கறிப் பைகளுக்கு நடுவே. வழியெல்லாம் கண்ணாடியை இறக்கி, கறுப்பு உடையில் நடக்கிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். அட்ராக்டா பேசவே வேண்டியதில்லை.

போன வாரம் இப்படித்தான், ஊருக்குள் நுழையும்போது இருட்டில் ஒருவன் சாம்பல் நிறச் சட்டையோடு போய்க்கொண்டிருந்தான். அட்ராக்டா மெதுவாக்கினாள். ஃபீலிம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏய்யா, உனக்கு வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா? சொல்லிக் குடுக்க ஆளே கிடையாதா? இப்படி எலி மாதிரி போறியே."

அந்த ஆள் திரும்பினான். மலாக்கி. பக்கத்து வீட்டில் ஏணி திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தானாம்.

அட்ராக்டா வண்டியை நிறுத்திவிட்டு, "விடாதீங்க ஃபீலிம், இன்னும் நல்லாச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள். ஃபீலிம் சொன்னார், விடாமல் சொன்னார். மலாக்கி மழையில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, பின் கதவைத் திறந்து, என் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தான்.

"பெல்ட்" என்றார்கள் முன்னாலிருந்த இருவரும்.